பழியைத் தன் பெயரில் எழுதி வைத்த தளபதி



நம் ஆண்டு மலரில் வழக்கமாக ஸஹாபாக்கள், இமாம்கள், இறைநேசர்கள் ஆகியோரின் வரலாறுகளே இடம்பெறும். இவ்வாண்டு அமெரிக்கத் தளபதியாகவும் பின்னர் அந்நாட்டின் ஜனாதிபதியாகவும் விளங்கிய டுவைட் டேவிட் ஐசன்ஹோவரின் வரலாற்றை எழுத முற்பட்டுள்ளேன். ஒரு கிறிஸ்தவத் தளபதியின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். அதற்குக் காரணம் ஒரு துண்டுக் காகிதம். நான்கைந்து வரிகள் மட்டுமே கொண்ட அக்காகிதத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, மத்ரஸாவில் ஸர்ஃபு பாடம் ஓதிய நாட்கள் என் நினைவுக்கு வந்தன. ஏன் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஐசன்ஹோவர் 1890ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் டெனிசன் என்னும் ஊரில் பிறந்தார். ஏழு ஆண் மக்களில் மூன்றாமவர். அவர்களுள் ஒருவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். குடும்பம் பின்னர் கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற சிற்றூரில் குடியேறியது. தந்தை அவ்வூரின் பால்பண்ணைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வசதியற்ற வீடு. தாயார் ஐடா ஆழ்ந்த மதப்பற்று உடையவர். போர் என்பதையே வெறுத்தவர். அப்படிப்பட்ட தாயின் மகன்தான் உலகின் மிகப்பெரும் கடல்வழிப் படையெடுப்பை நடத்தினார் என்பது விந்தை.

சிறுவயதில் அவருக்குக் கடுமையான முன்கோபம் இருந்தது. பத்து வயதில் ஒரு பண்டிகை இரவில், அண்ணன்மாருடன் வெளியே செல்லப் பெற்றோர் அனுமதிக்கவில்லை. ஆத்திரத்தில் வாசலில் நின்ற ஆப்பிள் மரத்தை இரு கைகளாலும் இரத்தம் கசியும்வரை குத்தினார். தந்தை தண்டித்தார். பின்னர் தாய் வந்து, கைகளுக்கு மருந்திட்டுக் கட்டி, தன் கோபத்தை அடக்கத் தெரிந்தவனே பெரிய வெற்றியாளன் என்று பக்கத்தில் அமர்ந்து எடுத்துரைத்தார். தம் வாழ்வின் மிகப் பயனுள்ள தருணங்களில் ஒன்றாக அதனை முதுமையிலும் அவர் நினைவுகூர்ந்தார். பிற்காலத்தில் சர்ச்சில், மாண்ட்கோமரி, பேட்டன், டி கால் போன்ற எளிதில் வளைந்து கொடுக்காத மனிதர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து வேலை வாங்கியவர் அவர். அந்தப் பொறுமைக்கு வித்து அபிலீன் வீட்டில் விழுந்தது என்றே தோன்றுகிறது.

1911இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து 1915இல் தேறினார். 1916இல் மேமி டவுட் என்ற பெண்ணை மணந்தார். முதல் உலகப்போரில் களம் காணத் துடித்தார்; ஆனால் டாங்கிப் படையினருக்குப் பயிற்சி அளிக்கும் பணியிலேயே அவரை வைத்திருந்தார்கள். அவர் கடல் கடந்து செல்லும் முன்பே போர் முடிந்துவிட்டது. தம்முடன் படித்தவர்கள் போர்க்களப் பதக்கங்களுடன் திரும்பியபோது, இவரிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அதனினும் பெரிய இடி 1921ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் விழுந்தது. மூன்று வயது மகன் டவுட் டுவைட் செங்காய்ச்சல் கண்டு இறந்தான். தம் வாழ்வின் மிகப்பெரும் பேரிழப்பு அதுவே என்று பிற்காலத்தில் எழுதினார். மறு ஆண்டு இரண்டாவது மகன் ஜான் பிறந்தார். ஆயினும் முதல் பிள்ளையின் துயரம் கணவன் மனைவி இருவரையும் கடைசிவரை விட்டு நீங்கவில்லை.

அதன்பின் ஏறக்குறைய 16 ஆண்டுகள் மேஜர் என்ற பதவியிலேயே தேங்கி நின்றார். பனாமாவில் ஃபாக்ஸ் கானர் என்னும் மூத்த அதிகாரியிடம் வரலாறும் போர்க்கலையும் பாடம் கேட்டார். உஸ்தாதின் முன் மாணவன் அமர்வதுபோல அமர்ந்து கேட்டார் எனலாம். 1926இல் படைத்தலைமைப் பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். பின்னர் வாஷிங்டனிலும் பிலிப்பைன்சிலும் மக்ஆர்தரின் கீழ் பணிபுரிந்தார். 50 வயதை எட்டிய நிலையில் அவர் ஊர் உலகம் அறியாத ஓர் அதிகாரி. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட சில நாட்களில் ஜெனரல் மார்ஷல் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துக்கொண்டார். அங்கிருந்து இரண்டே ஆண்டுகளில் ஐரோப்பியக் களத்தின் உச்சத் தளபதி ஆனார்.

இவரது முதல் கடற்கரை இறக்கம் நம் சமுதாயத்தவர் வாழும் மண்ணில்தான் நடந்தது. 1942ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் மொராக்கோவின் காசாபிளாங்காவை அடுத்தும், அல்ஜீரியாவின் ஓரான், அல்ஜியர்ஸ் நகரங்களை அடுத்தும் கரையிறங்கின. அந்நாடுகள் அப்போது பிரான்சின் பிடியில் இருந்தன. அந்தப் பிரெஞ்சு நிர்வாகமோ ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசின் கீழ் இருந்தது. இரு அந்நிய வல்லமைகளுக்கு இடையே மூன்றாவதாக ஒன்று வந்து இறங்கியதை அம்மண்ணின் முஸ்லிம்கள் எவ்வாறு பார்த்திருப்பார்கள் என்பதை ஐரோப்பியர் எழுதிய வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. 1943 ஜூலையில் சிசிலி, செப்டம்பரில் இத்தாலி என இறக்கங்கள் தொடர்ந்தன. ஒவ்வொன்றிலும் பிழைகள் நேர்ந்தன; ஒவ்வொன்றிலும் பாடம் கற்றார்.

1943 டிசம்பரில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்து மிகப் பெரியது. பிரான்சு நாடு 1940 ஜூன் முதல் ஜெர்மானியர் வசம் இருந்தது. நார்வேயிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை கடலோரம் நெடுக கான்கிரீட் அரண்களையும் பீரங்கி மேடைகளையும் அவர்கள் கட்டி வைத்திருந்தனர். இங்கிலாந்திலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து அந்தக் கரையில் இறங்க வேண்டும்.

அது எத்தனை அபாயமானது என்பதற்கு எச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தது. 1942 ஆகஸ்ட் 19இல் தியெப் என்னும் பிரெஞ்சுத் துறைமுகத்தில் சுமார் 6,000 பேர் இறங்கினர். பெரும்பாலோர் கனடா நாட்டவர். சில மணி நேரத்தில் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், காயமுற்றனர் அல்லது சிறைபட்டனர். அரண் செய்த துறைமுகத்தை நேராகத் தாக்கக் கூடாது என்பது அதில் கிடைத்த பாடம். ஆகவேதான் நார்மண்டியின் திறந்த மணற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. துறைமுகம் இல்லாத குறையைப் போக்க, கான்கிரீட் பெட்டகங்களாலான இரண்டு செயற்கைத் துறைமுகங்களை இங்கிலாந்தில் செய்து, கடலில் இழுத்துச் செல்லத் திட்டமிட்டனர். முதல் திட்டத்தில் மூன்று டிவிஷன்களே கரையிறங்குவதாக இருந்தது. அது போதாது என்று ஐசன்ஹோவரும் மாண்ட்கோமரியும் வற்புறுத்தியதால் கரைகள் ஐந்தாயின. யூட்டா, ஒமாஹா, கோல்ட், ஜூனோ, ஸ்வோர்ட் என்பன அவற்றின் இரகசியப் பெயர்கள்.

எதிரியை ஏமாற்றவும் பெரிய ஏற்பாடு நடந்தது. கால்வாய் மிகக் குறுகலாக இருக்கும் கலே பகுதியில்தான் இறக்கம் நிகழும் என்று ஜெர்மானியரை நம்ப வைக்க, பேட்டன் தலைமையில் இல்லாத ஒரு படையை உண்டாக்கினார்கள். காற்றடைத்த இரப்பர் டாங்கிகள், பொய்யான வானொலிச் செய்திகள், இரட்டை ஒற்றர்கள் என அந்த நாடகம் விரிந்தது. நார்மண்டியில் இறங்கிய பின்னரும் பல வாரங்கள் ஒரு முழு ஜெர்மன் சேனை கலே பகுதியிலேயே காத்துக் கிடந்தது என்றால், அது எவ்வளவு பலித்தது என்று பாருங்கள்.

ஒத்திகையும் உயிர்களைப் பலிகொண்டது. 1944 ஏப்ரல் 28ஆம் நாள் விடியுமுன், இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்லாப்டன் மணற்கரையை நோக்கி ஒத்திகைக்காகச் சென்ற கப்பல்களை ஜெர்மன் டார்பிடோ படகுகள் தாக்கின. 700க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர். திட்டம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அச்செய்தி அப்போது மறைக்கப்பட்டது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெர்மானியர் கரைக்கு விரைந்து படை அனுப்ப முடியாதபடி பிரான்சின் இரயில் நிலையங்களையும் பாலங்களையும் முன்கூட்டியே குண்டு வீசி அழிப்பது திட்டத்தின் ஒரு பகுதி. விடுவிக்கப் போகும் மக்களையே கொல்ல நேரிடும் என்று சர்ச்சில் தயங்கினார். இது இல்லாமல் இறக்கம் நிலைக்காது என்று ஐசன்ஹோவர் உறுதியாக நின்றார். குண்டுகள் வீசப்பட்டன. நார்மண்டிப் போரில் மட்டும் சுமார் 20,000 பிரெஞ்சுப் பொதுமக்கள் உயிரிழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. கான் நகரம் பெரும்பகுதி இடிபாடாகியது. இராணுவக் கணக்கில் அவரது முடிவு சரியென்றே பெரும்பாலோர் கொள்கின்றனர். ஆனால் அந்த 20,000 பேரும் அக்கணக்கில் கையெழுத்திடவில்லை. விடுதலை பெற்ற நார்மண்டியின் பல வீடுகளில் மகிழ்ச்சியும் மய்யித்தும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

இப்போது நாள் குறிக்கும் விஷயத்திற்கு வருவோம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஜெர்மானியத் தளபதி ரோமல் கரையோர நீரில் இரும்புக் கம்பங்களையும் கண்ணிவெடி கட்டிய மரங்களையும் நட்டு வைத்திருந்தார். கடல் ஏறியிருக்கும்போது வந்தால் படகுகள் அவற்றில் மோதிச் சிதறும். ஆகவே கடல் வற்றி, மீண்டும் ஏறத் தொடங்கும் வேளையில் இறங்க வேண்டும். அந்த வேளை விடியலை ஒட்டி அமைய வேண்டும். விமானத்திலிருந்து குதிக்கும் வீரர்களுக்கு முந்தைய இரவில் நிலவொளி வேண்டும். இவையெல்லாம் கூடி வருவது ஜூன் 5, 6, 7 ஆகிய மூன்று நாட்களில் மட்டுமே. ஹிஜ்ரி 1363 ஜுமாதல் ஆகிர் மாதத்தின் முழுநிலவு நாட்கள் அவை. தவறினால் இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். இலட்சக்கணக்கான வீரர்களிடம் இரகசியம் அத்தனை நாள் தங்குமா?

முதலில் ஜூன் 5 என்றே குறிக்கப்பட்டது. ஆனால் ஜூன் 3ஆம் நாள் அயர்லாந்தின் மேற்கு முனையில் உள்ள பிளாக்சாட் அஞ்சலகத்திலிருந்து ஓர் இளம்பெண் அனுப்பிய வானிலை அளவுகள் புயல் வருவதை உணர்த்தின. அந்த அளவுகள் எதற்குப் பயன்படுகின்றன என்பதே அவருக்குத் தெரியாது. வானிலை அதிகாரி ஸ்டாக், போர்ட்ஸ்மவுத் அருகே சவுத்விக் மாளிகையில் கூடியிருந்த தளபதிகளிடம் நிலைமையைச் சொன்னார். ஐசன்ஹோவர் ஒரு நாள் ஒத்திவைத்தார். ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட கப்பல்கள் கொந்தளிக்கும் கடலில் திரும்பி வர வேண்டியதாயிற்று.

ஜூன் 4ஆம் நாள் இரவு ஒன்பதரை மணி. வெளியே காற்றும் மழையும் சன்னல்களை அறைகின்றன. ஜூன் 6இல் சிறிது நேரம் வானம் தெளியக் கூடும் என்கிறார் ஸ்டாக். உறுதி சொல்ல அவரால் முடியவில்லை. உச்சத் தளபதி ஷூரா நடத்தினார் என்றே நாம் சொல்லலாம். ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார். கடற்படைத் தலைவர் ராம்சே, அமெரிக்கக் கப்பல்களுக்கு உடனே உத்தரவு போக வேண்டும் என்று நேரக்கணக்கைச் சொன்னார். விமானப்படைத் தலைவர் லீ மல்லோரி தயங்கினார். மாண்ட்கோமரி போகலாம் என்றார். எல்லோரும் பேசி முடித்த பிறகு அறை அமைதியாயிற்று. ஆலோசனை சொல்லப் பலர் இருந்தனர். முடிவுக்கு உரியவர் ஒருவரே. ஐசன்ஹோவர் சிறிது நேரம் யோசித்தார். போவதென்று முடிவு செய்தார். ஜூன் 5 அதிகாலை நான்கு மணி கடந்து, நம் ஊர்களில் ஸஹர் வேளை என்று சொல்லும் நேரத்தில், மீண்டும் கூடி அம்முடிவை உறுதிப்படுத்தினார். அதன்பின் அவரால் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. மாபெரும் கப்பற்கூட்டம் நகரத் தொடங்கிவிட்டது.

அவரை இன்னொன்றும் வாட்டியது. விமானத்திலிருந்து குதிக்கும் அமெரிக்க வீரர்களில் பாதிக்கு மேல் அழிந்துவிடுவர். அந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள் என்று லீ மல்லோரி சில நாட்களுக்கு முன்பே அவரிடம் நேரில் மன்றாடியிருந்தார். ஐசன்ஹோவர் தனியே தம் கூடாரத்தில் அமர்ந்து யோசித்தார். அவர்கள் குதிக்காவிட்டால் யூட்டா கரையில் இறங்குவோர் சிக்கிக்கொள்வர். திட்டம் தொடரட்டும் என்றார். ஆனால் ஜூன் 5 மாலை, நியூபரிக்கு அருகிலுள்ள விமானத்தளத்திற்குச் சென்றார். முகத்தில் கரி பூசி நின்ற 101ஆவது வான்வழிப் படைவீரர்களிடையே நடந்தார். எந்த ஊர், என்ன தொழில், என்ன விளைச்சல் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். விமானங்கள் எழும்பி மறையும்வரை நின்றார். திரும்பியபோது அவர் கண்களில் நீர் இருந்ததை உடனிருந்தோர் கண்டனர். யாரைச் சாவுக்கு அனுப்புகிறோமோ அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

அந்தக் காகிதம் எழுதப்பட்டது இந்த நாளில்தான். ஒருவேளை இறக்கம் தோற்றுப்போனால் உலகிற்கு வெளியிட வேண்டிய அறிவிப்பை, ஒரு சிறு தாளில் பென்சிலால் எழுதினார். கரையில் போதிய இடம் பிடிக்க முடியவில்லை. படைகள் திரும்பப் பெறப்பட்டன என்று முதலில் எழுதினார். பிறகு அதை அடித்தார். படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று திருத்தினார். இந்தக் குறிப்பிட்ட நடவடிக்கை என்று தொடங்கியிருந்ததையும் அடித்து, தாக்குவது என்ற என் முடிவு என்று மாற்றினார். வீரர்களும் கப்பற்படையும் விமானப்படையும் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்தனர் என்றும், ஏதேனும் குற்றமோ குறையோ இருந்தால் அது தம் ஒருவரையே சாரும் என்றும் முடித்தார்.

ஸர்ஃபு பாடத்தில் முதல் ஆண்டிலேயே மஃரூஃப், மஜ்ஹூல் என்று இருவகை வினைகளைப் படிக்கிறோம். செய்தவன் இன்னான் என்று தெரிய நிற்பது மஃரூஃப். செய்தவன் மறைந்து, செயல் மட்டும் தெரிவது மஜ்ஹூல். பொறுப்பில் இருப்பவர்களுக்கு மஜ்ஹூல் மிகவும் வசதியானது. முடிவு எடுக்கப்பட்டது, பணம் செலவிடப்பட்டது, தவறு நேர்ந்துவிட்டது என்றெல்லாம் எழுதினால் எவர் கையும் அதில் படாது. நானும் பலமுறை அப்படி எழுதியிருக்கிறேன். ஐசன்ஹோவரின் பென்சிலும் முதலில் மஜ்ஹூலில்தான் ஓடியது. அதைத் தாமே கண்டு, அடித்து, மஃரூஃபாக மாற்றினார். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. மனம் எத்தனை கலங்கியிருந்தது என்பதற்கு அடையாளமாக, அடியில் ஜூன் 5 என்று எழுதுவதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதியிட்டு, பணப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

ஜூன் 6 விடிந்தது. ஏறக்குறைய 7,000 கப்பல்களும் படகுகளும், 11,000க்கும் மேற்பட்ட விமானங்களும் பங்கேற்றன. அன்று ஒரே நாளில் சுமார் 1,56,000 பேர் பிரெஞ்சு மண்ணில் இறங்கினர். அடிப்பகுதி தட்டையான சிறு படகுகள் மணலில் முட்டி நிற்க, முன்பக்கக் கதவு சரிந்து விழ, வீரர்கள் இடுப்பளவு நீரில் குதித்தனர். யூட்டா கரையில் நீரோட்டம் படகுகளை இடம் மாற்றித் தள்ளியது. அதுவே நன்மையாக முடிந்தது, அங்கே எதிர்ப்புக் குறைவு. ஒமாஹாவில் நேர்மாறு. மேட்டிலிருந்து பாய்ந்த இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் கதவு திறந்த படகுகளையே கல்லறை ஆக்கின. நீந்தும்படி அமைத்த டாங்கிகள் பெரும்பாலும் கடலில் மூழ்கின. அக்கரையைக் கைவிடலாமா என்று தளபதி பிராட்லி எண்ணும் நிலை வந்தது. சிறு சிறு குழுக்களாக வீரர்கள் மேடேறியதால்தான் அது கைவந்தது. அன்று ஒரு நாளில் நேசநாடுகளின் தரப்பில் 4,414 பேர் இறந்ததாகப் பெயர் பெயராகக் கணக்கெடுக்கப்பட்டுள்ளது.

ஜெர்மானியத் தரப்பிலோ, இத்தகைய வானிலையில் எவரும் வரமாட்டார் என்று எண்ணி ரோமல் தம் மனைவியின் பிறந்தநாளுக்காக ஊருக்குச் சென்றிருந்தார். ஹிட்லர் உறங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப எவருக்கும் துணிவில்லை. டாங்கிப் படைகளை நகர்த்த அனுமதி பிற்பகலில்தான் கிடைத்தது. வான்வழி வீரர்களின் இழப்பு அஞ்சிய அளவுக்கு இல்லை. லீ மல்லோரி தம் கணிப்பு பிழையென்று ஒப்புக்கொண்டார். இரண்டு வாரங்கள் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூன் 19 முதல் 22 வரை கால்வாயில் பல்லாண்டுகளில் காணாத புயல் வீசி, ஒமாஹாவின் செயற்கைத் துறைமுகத்தையே உடைத்தெறிந்தது. மனிதன் நாள் குறிக்கலாம். காற்று அவன் கையில் இல்லை.

பணப்பையில் இருந்த காகிதம் சில வாரங்கள் கழித்தே கண்ணில் பட்டது. குப்பையில் போட இருந்தவரிடமிருந்து கடற்படை உதவியாளர் புட்சர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அதனாலேயே இன்று நமக்கு அதன் செய்தி தெரிகிறது.

அதே கோடையில் நடந்த இன்னோர் இறக்கத்தை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 15ஆம் நாள் பிரான்சின் தென்கரையான புரொவான்சில் படைகள் இறங்கின. அது வேண்டாமென்று சர்ச்சில் மிகவும் வாதாடினார். ஐசன்ஹோவர் இணங்கவில்லை. அங்கே இறங்கிய பிரெஞ்சுச் சேனையில் அல்ஜீரிய, மொராக்கோ முஸ்லிம்களும் மேற்கு ஆப்பிரிக்கர்களும் பெருந்தொகையினர். துலோன், மார்செய் ஆகிய இரு பெரும் துறைமுகங்களை மீட்டதில் அவர்கள் பங்கு மிகப் பெரியது. மார்செய் நகரத் தெருக்களில் அவர்கள் போரிட்ட நாட்கள் ஹிஜ்ரி 1363 ரமளான் மாதத்தின் தொடக்க நாட்கள். பிறர் நாட்டை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டுக் கொடுத்தவர்களின் சொந்த நாடு ஆக்கிரமிப்பிலேயே இருந்தது. ஜெர்மனி சரணடைந்து ஐரோப்பா வெற்றி விழா கொண்டாடிய 1945 மே 8ஆம் நாளிலேயே, அல்ஜீரியாவின் ஸதீஃப் நகரில் சுதந்திரக் கொடி ஏந்திய முஸ்லிம்கள் மீது பிரெஞ்சு அதிகாரிகள் சுட்டனர். மோதலில் ஐரோப்பியக் குடியேறிகளும் சுமார் நூறு பேர் மாண்டனர்; அடுத்த வாரங்களில் பிரெஞ்சுப் படை ஆயிரக்கணக்கான முஸ்லிம்களைக் கொன்று பழி தீர்த்தது. இதில் ஐசன்ஹோவருக்குப் பங்கில்லை. எனினும் நார்மண்டியின் கதையை விடுதலையின் கதையாக மட்டும் படித்து மூடிவிட நம்மால் இயலாது.

போருக்குப் பின் புகழ் அவரை அரசியலுக்கு இழுத்தது. 1953 முதல் 1961 வரை இரு முறை ஜனாதிபதியாக இருந்தார். அக்காலத்துச் செயல்களில் நமக்கு உவப்பானவையும் உண்டு, கசப்பானவையும் உண்டு. பதவியேற்ற முதல் ஆண்டிலேயே, ஈரானில் எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய பிரதமர் முஸத்திக்கைக் கவிழ்க்க அமெரிக்க உளவுத்துறைக்கு அனுமதி கொடுத்தார். 1953 ஆகஸ்டில் அது நடந்தேறியது. அதன் விளைவை ஈரான் மக்கள் கால் நூற்றாண்டுக் காலம் அனுபவித்தனர். அதை அவர் மஃரூஃபாக எழுதவில்லை; அமெரிக்காவின் கை அதில் இருந்ததே பல்லாண்டுகள் மறைக்கப்பட்டிருந்தது. 1944இல் பென்சிலைப் பிடித்த அதே கைதான் இதுவும் என்பதை மறந்துவிட்டு அவரைப் புகழ்வது முறையன்று.

1956இல் வேறொரு காட்சி. எகிப்தின் ஜமால் அப்துல் நாசர் ஜூலை 26இல் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் 29இல் இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது. நவம்பர் 6ஆம் நாள் காலையில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் போர்ட் சயீத் கடற்கரையில் இறங்கின. தட்டைப் படகுகள், கப்பல் பீரங்கிகள், முந்தைய நாளே வான்வழி குதித்த வீரர்கள் என எல்லாம் நார்மண்டியை ஒத்திருந்தன. இறக்கியவர்களும் பழைய தோழர்களே. பிரிட்டிஷ் நிதியமைச்சர் மக்மில்லன், அல்ஜியர்ஸில் ஐசன்ஹோவரின் அருகிலேயே பணியாற்றியவர். ஆனால் இம்முறை வந்திறங்கியது ஆக்கிரமிப்பை நீக்குவதற்காக அன்று.

அன்றுதான் அமெரிக்காவில் அவரது மறுதேர்தல் நாள். யூத வாக்குகளும், நட்பு நாடுகளின் மனமும் போகுமே என்று அவர் பார்க்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் எதிர்த்து நின்றார். பிரிட்டனின் பவுண்டு நாணயம் சரிந்துகொண்டிருந்தபோது, படையை நிறுத்தாமல் உதவி கிடையாது என்றார். அன்று நள்ளிரவே போர் நின்றது. டிசம்பர் 22க்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கப்பலேறின. காஸாவையும் சினாயின் சில பகுதிகளையும் விட மறுத்த இஸ்ரேலுக்கு எதிராக, 1957 பிப்ரவரியில் தொலைக்காட்சி வழியே தம் மக்களிடமே பேசினார். பிற நாட்டைத் தாக்கிப் பிடித்தவர், வெளியேற நிபந்தனை விதிக்க இயலாது என்பது அவரது வாதத்தின் சாரம். மார்ச் மாதம் இஸ்ரேல் வெளியேறியது. அவருக்குப் பின் வந்த எந்த அமெரிக்க ஜனாதிபதியும் இஸ்ரேல் விஷயத்தில் அந்த அளவுக்கு உறுதி காட்டியதாக நான் அறியவில்லை.

1957 ஜூன் 28ஆம் நாள் வாஷிங்டன் நகரின் இஸ்லாமிய மையப் பள்ளிவாசல் திறப்பு விழாவில் மனைவியுடன் கலந்துகொண்டார். உலக நாகரிகத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணிகளைப் பாராட்டி, முஸ்லிம்கள் தங்கள் வழிபாட்டு இல்லத்தை அமைத்துத் தங்கள் மனசாட்சிப்படி வணங்கும் உரிமைக்காக அமெரிக்கா தன் முழு பலத்தோடு போராடும் என்று வாக்களித்தார். மூன்று மாதங்களில், செப்டம்பரில், லிட்டில் ராக் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் தடுத்தபோது, அவர்களுக்குக் காவலாக அனுப்பியது 101ஆவது வான்வழிப் படையினரை. நியூபரியில் அவர் வழியனுப்பிய அதே பிரிவு.

1958 ஜூலை 15இல் அவரே ஒரு கடற்கரை இறக்கத்திற்கு மீண்டும் உத்தரவிட்டார். லெபனான் ஜனாதிபதி ஷம்ஊன் வேண்டியதன் பேரில் அமெரிக்க மரைன்கள் பெய்ரூத் அருகே முழு ஆயுதங்களுடன் இறங்கினர். எதிரே நின்றவர்கள் குளிக்க வந்தோரும் குளிர்பானம் விற்போரும்தான். அக்டோபர் இறுதிக்குள் திரும்பிவிட்டனர் என்றாலும், அழைக்கப்பட்டுப் போவதற்கும் நுழைவதற்கும் உள்ள வேறுபாடு அவ்வூர் மக்களில் பாதிப் பேருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது.

1961 ஜனவரியில் விடைபெறும்போது, ஆயுத உற்பத்தியாளரும் இராணுவமும் சேர்ந்து நாட்டின் கொள்கையை வளைக்கும் அபாயம் குறித்துத் தம் மக்களை எச்சரித்தார். வாழ்நாளெல்லாம் சீருடை அணிந்தவர் சொன்னதால் அதற்குத் தனி எடை உண்டு.

நார்மண்டி இறக்கத்தின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற்காக ஒமாஹா கரைக்கு மேலுள்ள அமெரிக்க அடக்கத்தலத்திற்குச் சென்றார். 9,000க்கும் மேற்பட்ட வெண்ணிற நடுகற்கள். அவருடைய மகன் ஜான் வெஸ்ட் பாயிண்டில் பட்டம் பெற்றது 1944 ஜூன் 6ஆம் நாள். அதே நாளில் இங்கே பிறர் மகன்கள் வீழ்ந்தனர். தமக்கும் மேமிக்கும் பேரப்பிள்ளைகளால் கிடைத்த மகிழ்ச்சி இங்கே கிடப்போரின் பெற்றோருக்குக் கிடைக்கவில்லையே என்று அங்கு அமர்ந்து பேசினார்.

1969ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், நெடுநாள் இதயநோய்க்குப் பின் வாஷிங்டன் இராணுவ மருத்துவமனையில் இறந்தார். சாதாரணப் படைவீரனுக்கு அரசு கொடுக்கும் 80 டாலர் பெட்டியிலேயே தம்மை வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பதக்கங்கள் நிறைய இருந்தும், சீருடையில் மிகச் சிலவே அணிவிக்கப்பட்டன. உடல் இரயிலில் அபிலீனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, சிறுவயதில் அவர் வாழ்ந்த வீட்டிற்கு எதிரே அடக்கம் செய்யப்பட்டது. 1921இல் இறந்த குழந்தை டவுட் டுவைட்டின் உடலும் முன்னரே அங்கு கொண்டுவரப்பட்டிருந்தது. 1979இல் மேமியும் அவர்களுடன் சேர்ந்தார். அதே வளாகத்தில் அவரது ஆவணக் காப்பகம் இருக்கிறது. பென்சிலால் அடித்துத் திருத்திய அந்தத் தாள், தவறான தேதியுடன், அங்கேதான் வைக்கப்பட்டுள்ளது.